ஏழாவது தூண்

நான் வருவது தெரிந்து
தூண்களுக்கெல்லாம் மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.
இன்னும் காயவில்லை.
கையுறையில் ஒட்டியது.

கருப்பூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு பழைய உருட்டாலை.
கூரைத் திறப்பில் பார்த்தால் சேர்வராயன் புகைமூட்டமாக,
அதற்கு முன்னால் வெள்ளைக்கல் குழிகள்.
காற்றடித்தால் அந்தப் பொடி
உத்தரங்களின் மேல் வந்து உட்காரும்.
அதன்மேல் எண்ணெய்,
அதன்மேல் புறா எச்சம்.
இருபத்தாறு வருடத்தைச் சுரண்டிக்கொண்டே
ஒன்பது மீட்டர் உயரத்தில் நடந்தேன்,
இடுப்புக் கொக்கியை
ஒரு வளையத்திலிருந்து மறு வளையத்துக்கு மாற்றி மாற்றி.

இரும்பு பொய் சொல்லாது என்பார்கள்.
சொல்லும்.
வரைபடத்தில் பன்னிரண்டு மில்லிமீட்டர்,
கருவியை வைத்தால் எண் தயங்கும், குதிக்கும்,
எட்டே முக்காலில் வந்து தலை குனியும்.
நல்ல ரிவெட் தட்டினால் கணீரென்கும்.
தளர்ந்தது
சளி பிடித்த தொண்டை.

மாதையன் கிரேன் ஓட்டுகிறவர்.
கூண்டிலிருந்து தலை நீட்டிச் சொன்னார்:
"ஏழாந்தூணத் தாண்டறப்போ ஒரு துள்ளு துள்ளுதுங்க மேடம்.
சொமை இல்லீன்னா கம்முனு இருக்கும்.
போன மழைக்கு முந்தியே சொல்லிப்போட்டேன்."
யாரிடம்?
என்னைப் பார்க்காமல்
கீழே ஆபீஸ் பக்கம் கை காட்டினார்.

ஏழாவது தூணின் தோளில்,
பெயிண்ட் பிரஷ் எட்டாத இடத்தில்,
போன ஆயுத பூஜையின் சந்தனம், நடுவே குங்குமம்.
ஒன்பது மீட்டர் ஏறி யார் வைத்தார்களோ.
பொட்டின் ஓரத்திலிருந்து மயிரிழையாக ஒரு சிவப்பு.
ஒழுகியது என்றால் நேராகக் கீழே வந்திருக்கும்.
இது பற்றவைப்பை ஒட்டி
பக்கவாட்டில் போயிருந்தது.

மன்னிக்கச் சொல்லித் துடைத்தேன்.
பெட்டியிலிருந்து என்னுடைய சிவப்பைத் தெளித்தேன்.
பதினைந்து நிமிடம்.
கீழே டீ வந்தது, போனது.
மறுபடி துடைத்து, மேலே வெள்ளைப் பொடி.
திருநீறு பூசின நெற்றி மாதிரிதான் இருந்தது
கோடு எழுந்து வரும்வரை.

டேப் வைத்தேன். பதினான்கு சென்டிமீட்டர்.
அது நிற்கும் இடத்தில்
மார்க்கரால் ஒரு குறுக்குக் கோடு, தேதி, என் கையெழுத்து.
இதைத் தாண்டாதே என்று ஓர் ஒப்பந்தம்.
விரிசல் கையெழுத்துப் போடவில்லை.

குணசீலன் சார் அறையில் ஏசி சில்லென்று இருந்தது.
"கண்காணிப்புல வைக்கலாம்னு எழுதிடுங்களேன்.
இருபது டன்ன பதினஞ்சா குறைச்சுக்கறோம்."
குறைத்தால் மெதுவாகத் தின்னும் சார்.
தின்னாமல் இருக்காது.
அவர் மேஜையில் ஒரு கண்ணாடி உருண்டைக்குள்
சின்னதாக ஒரு கிரேன்.
அதைத் திருப்பி வைத்தார்.
நான் எழுதினேன்:
சீர்செய்து மறுசோதனை முடியும்வரை
இயக்கக் கூடாது.

மூன்று மணிக்கு நிறுத்தினார்கள்.
புறாக்கள் முதலில் பறந்தன, பிறகு வந்து உட்கார்ந்தன.
கீழே சங்கிலி மாட்டும் பிகாஷ்
மணிச் சத்தம் கேட்காமலே
பழக்கத்தில் ஓரமாக ஒதுங்கி நின்றான்,
தலைக்கு மேல் ஒன்றும் போகவில்லை.

மாதையன் ஏணியில் இறங்கி வந்தார்.
"எத்தன நாளுங்க?"
வெட்டி எடுத்து, பற்றவைத்து, திரும்ப நான் வந்து பார்த்து,
இருபது நாள் ஆகலாம்.
தலையாட்டினார்.
வண்டி ஓடினால்தான் அவருக்குக் கூலி.
அது தெரிந்துதான் சொல்லியிருக்கிறார்,
போன மழைக்கு முந்தி ஒரு தடவை,
இன்று காலை ஒரு தடவை.

அஞ்சு ரோடு பஸ்ஸில் உட்கார இடமில்லை.
பிடித்த கம்பியில் ஒரு போல்ட் ஆடியது.
திருகிப் பார்த்தேன், விரலால் முடியவில்லை.

இரவு மண்ணெண்ணெய் விட்டுக் கழுவியதில்
மஞ்சள் போய்விட்டது.
நகக்கண்ணில் மட்டும் சிவப்பு.
எந்தச் சிவப்பு என்று
எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.