வளைவுக்கு முன்னால்

ஆர்.சி. புத்தகத்தில் ஹெரால்டு.
நேரில் பார்க்கிற எவரும் ஒத்துக்கொள்வதில்லை.
எழுபத்திரண்டில் யாரோ ஒரு நூல்மில்காரர்
மேல்கூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு
தகரத்தை உருட்டி உருட்டிக் கட்டிய
இரண்டு சீட்டு வண்டி.
முன்பக்கம் சுறா.
பின்பக்கம் வருவதற்குள் காசு தீர்ந்திருக்க வேண்டும்.
லாரி விளக்கு இரண்டை முடுக்கி
அப்படியே விட்டுவிட்டார்.

கொண்டலாம்பட்டிப் பழைய இரும்புக் கடையில்
பத்மினி ஒன்று மூக்கில்லாமல் கிடந்தது.
வால் மட்டும் நேற்றுத் துடைத்ததுபோல.
இடது சிவப்பின் ஓரத்தில்
பிறை மாதிரி ஒரு விரிசல்.
"ஜோடி எழுநூறு" என்றார் குணாளன்.
"ஒண்ணு போதும்னாலும் எழுநூறுதான்."

நெட்டுக்குத்தாக நிற்கிற விளக்கு அது.
என் வண்டிக்கோ தொந்தி போட்ட முதுகு.
காலண்டர் அட்டையை வெட்டி வைத்துப் பார்த்தேன்.
மேலே உட்கார்ந்தால் கீழே
மூன்று மில்லிமீட்டர் வாய் பிளந்தது.
கீழே அமுக்கினால் மேலே.
டிங்கர் மாதேஸ் நாள் முழுக்கத் தட்டினான்.
தகரம் இறங்கி வந்தது,
ஒரு பக்கம் மட்டும்.
மறுபக்கத்துக்கு லாரி ட்யூபை வெட்டிச் செருகினோம்.
இன்றும் வலது சற்று உள்ளே,
இடது சற்று வெளியே.
மாறுகண்.

வெள்ளி வளையம் மங்கியிருந்தது.
செவ்வாய்ப்பேட்டையில்
கொலுசுக்கு மெருகு போடும் சக்கரத்தில்
திலகவதி அதைக் கொடுத்துத் திருப்பினாள்.
கூலி கேட்டேன்.
"கொலுசுன்னா எடைக்கு. இதுக்கு என்னத்தச் சொல்ல?"
யோசித்து,
"காலுக்கு இருபத்தஞ்சு" என்றாள்.

பிறகு ஒயர்.
இடதுபக்கம் இண்டிகேட்டர் போட்டால்
பிரேக் விளக்கும் சேர்ந்து கண்ணடித்தது.
பிரேக்கை மிதித்தால் நம்பர் பிளேட் செத்தது.
"எர்த் பிடிக்கல" என்றான் மாதேஸ்.
பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, ரப்பர் வைத்து
அழகுபடுத்திய இடத்தில்
ஒரு ரூபாய் அகலத்துக்குச் சுரண்டினான்.
வெறும் இரும்பு தொட்டதும்
எல்லாம் ஒழுங்குக்கு வந்தது.

ஓட்டுகிறவன் தன் பின்விளக்கைப் பார்ப்பதில்லை.
கால் பிரேக்கில், கழுத்து வெளியே,
"எரியுதா?"
பால் பாக்கெட்டோடு நின்ற மாடிவீட்டு தஸ்லிம்
"எரியுது" என்றாள்.
"ரெண்டுமா?"
"ரெண்டும்."
"ஒரே சிவப்பா?"
கொஞ்சம் பேசாமல் இருந்தாள்.
"ஓட்டுங்க. பின்னாடி வர்றவங்க சொல்லுவாங்க."

சனிக்கிழமை ராத்திரி ஏற்காட்டிலிருந்து இறங்கினேன்.
பதினெட்டாம் வளைவில் பனி விழுங்கிவிட்டது.
எங்கிருந்தோ ஒரு ஜீப் வந்து
பின்னால் ஒட்டிக்கொண்டது.
ஆரன் இல்லை. முந்தவில்லை.
நான் நின்றால் நின்றது.
பதினேழு வளைவும் அப்படியே.

அடிவாரத்தில் வந்து கதவைத் தட்டினார்.
"டாக்டரம்மா இல்லையா?"
"எந்த டாக்டரம்மா?"
"மாட்டு டாக்டர் பியூலாம்மா. இது அவங்க லைட்டு."
குந்தி உட்கார்ந்து விரிசல்மேல் விரல் வைத்தார்.
"எங்க மாடு உதைச்சது."

ஆறு வருஷம் இதைப் பார்த்துத்தான்
பனியில் இறங்கினாராம்.
அந்தம்மா இப்போது புது வண்டி.
"பட்டையா ஒரே கோடு. எல்லா வண்டிக்கும் அதேதான்.
முன்னாடி போறது ஆருன்னே தெரியறதில்ல."
எழுந்து கைலியைத் தட்டினார்.
"அவங்க வளைவுக்கு முன்னாலயே பிரேக் பிடிப்பாங்க.
நீங்க வளைவுல பிடிக்கிறீங்க."

அடுத்த வாரம் அதே பனி.
பதினேழு என்று எழுதிய கல் தெரியும் முன்பே
காலை வைத்தேன்.
மேல்கண்ணாடியில் முழுப் பனியும்
சிவந்து நின்றது.
ஒரு மூலை மட்டும் பிறையாக வெளுத்து.
பின்னால் யாரும் இல்லை.
இன்னொரு தடவை மிதித்தேன்.