துணையோடு மட்டும்

டார்ட்மத் துறைமுகத்தில் இன்றும் புகார்.
பாலத்தில் பாதியைக் காணோம்.
மீதிப் பாதியில் ஊரும் பேருந்துக்குள்
கழுத்து அட்டையைத் தடவிப் பார்க்கிறேன்.
சிவப்பு.
'துணையோடு மட்டும்' என்று
இரண்டு மொழிகளில் எழுதியிருக்கிறது.
இரண்டும் என்னுடையவை அல்ல.

கழிப்பறைக்குப் போனாலும்
கோர்டன் மெக்கைசாக் கூட வரவேண்டும்.
பாவம், ஓய்வுபெறப் பதினொரு மாதம் கிடக்கும் மனிதர்.
கதவுக்கு வெளியே நின்று,
தான் காது கொடுக்கவில்லை என்று காட்ட
உரக்கச் சீட்டியடிப்பார்.
அவர் சுருதி தப்பும் இடங்களை எண்ணியபடி
நான் கை கழுவுவேன்.

கேட்பதுதான் எனக்கு வேலை.
கடலடியில் கிடக்கும் ஒலிவாங்கிகள்
இரவெல்லாம் அள்ளியதை
விடிந்ததும் பிரித்து வைக்கவேண்டும்.
இது துடுப்புத் திமிங்கலம்,
வேகம் கூட்டினால்தான் நம் காதுக்கு எட்டும்.
இது சிங்கி இறால் படகு,
சுழலியில் ஓரிதழ் வளைந்திருக்கிறது,
படகுக்காரருக்கு இன்னும் தெரியாது.
இது மழை.
இது
தெரியவில்லை. தெரியாததற்குத்தான் சம்பளம்.

படிவத்தில் பத்து ஆண்டுகளுக்கு முகவரி கேட்டிருந்தார்கள்.
கதவிலக்கம், தெரு, அஞ்சல் குறியீடு.
இடைவெளி விடக்கூடாது.
ஒரே ஆண்டில் பதினான்கு இடம் ஓடியவளிடம்
நான்கு பெட்டிகள்.
தறப்பாளுக்கு என்ன இலக்கம் போடுவது?
கூடுதல் தாள் இணைக்கலாம் என்றார்கள்.
இணைத்தேன்.
அந்தத் தாள்தான் இன்னும் எங்கோ ஒரு மேசையில்
படிக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது.

ஒட்டாவாவிலிருந்து வந்த லாப்லாந்த் அம்மையார்
என் பெயரை, யோகவதனியை,
மூன்று துண்டாக உடைத்து மரியாதையோடு அடுக்கினார்.
வெளிநாட்டில் யாரைத் தெரியும் என்றார்.
எது வெளிநாடு என்று நான் கேட்கவில்லை.
இவ்வளவு நுட்பமாகக் கேட்க எங்கே பயின்றீர்கள் என்றார்.
பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னேன்.
பொய்யில்லை.
பதினேழு வயதில் பங்கருக்குள் இருந்து
வண்டு எது, கிபிர் எது,
புறப்படும் ஷெல் எது, வந்து விழும் ஷெல் எது என்று
பிரித்துச் சொன்னதற்கு
யாரும் சான்றிதழ் தரவில்லை.
பிழையாகச் சொன்னால் அங்கே
குறைவது மதிப்பெண் அல்ல.

இரைச்சலை வடிகட்டும் சூத்திரம் பர்ஹாம் எழுதியது.
தெஹ்ரானில் பிறந்தவன்.
அவனுக்கு அனுமதி வரவில்லை, காரணமும் வரவில்லை.
இப்போது ஹாலிஃபக்ஸில் ஒரு கடையில்
முதியவர்களுக்குச் செவிக்கருவி பொருத்துகிறான்.
கைராசிக்காரன் என்று பேர்.
அவன் சூத்திரம் தினமும் உள்ளே வந்து போகிறது.
அதற்குத் துணை தேவையில்லை.

இன்று, அதிகாலை மூன்று பன்னிரண்டின் பதிவு.
சரக்குக் கப்பல் என்றது இயந்திரம்,
எழுபத்தொரு விழுக்காடு உறுதி.
நான் மறுபடி கேட்டேன்.
மழையை எடுத்தேன். படகை எடுத்தேன்.
அடியில், யாரையும் எழுப்பிவிடக் கூடாதென்று
நடப்பவரின் காலடி போல
ஏழிதழ்.
கையைத் தூக்கினேன்.

கமாண்டர் வந்தார். இன்னும் இருவர் வந்தார்கள்.
என் ஒலிச்செவியை வாங்கி மாட்டிக் கேட்டார்கள்.
ஒருவர் என் தோளைத் தட்டினார்.
மற்றவர் பதிவின் தலைப்பில் ஒரு சொல்லை மாற்றினார்,
திரை என் கண்முன்னே கருமையானது.
"மன்னிக்கவேண்டும். இனி இது உங்கள் அனுமதிக்கு மேலே."

உண்மையிலேயே வருந்தினார்கள். கோப்பி தந்தார்கள்.
பர்ஹாமிடம் சொன்னால் சிரிப்பான்.
அவனிடம் சொல்லவும் கூடாது.

கழிப்பறைக்குப் போகவேண்டும் என்றேன்.
தண்ணீரைத் திறந்துவிட்டு நிற்கிறேன்.
காதுக்குள் அது இன்னும் நடக்கிறது,
ஏழு, ஏழு, ஏழு.
இன்று கோர்டன் சீட்டியடிக்கவில்லை.
கதவுக்கு அந்தப் பக்கம்
அவர் மூச்சு விடுவது கேட்கிறது.