பன்னிரண்டு சாண்

அடிக்கோல் பெட்டியைப் பூட்டிச்
சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.
மார்ச் கடைசி. கின்சாவ் தீவில்
மழை பிடித்து மூன்று நாள்.
மூன்றாம் வகுப்பில் ஒன்பது பேர்.
ஒன்பது ஜோடிக் காலுறைகள்
அடுப்பைச் சுற்றிக் காய்கின்றன.

"ஜன்னலோர மேசை எத்தனை சாண்?
கையாலேயே அளந்து சொல்லுங்கள்."

மில்யாராய்க்கு ஒன்பது.
ரொசாமேலுக்குப் பத்து, கொஞ்சம் மிச்சம்.
அந்த மிச்சத்தை எங்கே வைப்பது என்று
கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு நின்றான்.
எலிசேயோவுக்கு எட்டு:
மற்றவர் விரல்கள் நடந்தன,
அவனுடையவை தாவின.
தொமித்திலா எல்லோரிலும் சின்னவள்.
நாக்கைக் கடித்துக்கொண்டு அளந்து முடித்தபோது
பதினொன்றைத் தாண்டியிருந்தாள்.

ஒரே மேசைக்கு
கரும்பலகையில் ஒன்பது எண்கள்.
நீ பொய், நான் மெய்,
மறுபடி அள, கையை விரி,
உன் நகத்தையும் சேர்த்தாய்
என்று ஒரே கூச்சல்.
கூச்சல் ஓய்ந்த இடைவெளியில்
தொமித்திலா சொன்னாள்:
"எனக்கு மேசை நீளம்.
அவளுக்கு அவ்வளவு இல்லை."

சரி போடுவதா, தப்புப் போடுவதா?
சாக்பீஸ் என் விரலில்
உதிர்ந்துகொண்டிருந்தது.

பால் டின்களில் நட்ட ஊதா உருளைக்கிழங்குகள்
முளைவிட்டுத் தரையில் கால் இடறின.
அவற்றுக்கு ஒரு பலகை வேண்டும்,
அடுப்புக்கும் ஜன்னலுக்கும் இடையே.
யார் கை வகுப்பின் கை? ஓட்டெடுத்தோம்.
மில்யாராய் ஜெயித்தாள்
(எலிசேயோவுக்கு ஒரே ஓட்டு, அவனுடையது).
அவள் சாணை அட்டையில் வரைந்து வெட்டினோம்.
சுவர் பன்னிரண்டு வந்தது.
தச்சர் பெலார்மினோவுக்குக் கடிதம்:
மதிப்பிற்குரிய ஐயா,
எங்களுக்குப் பன்னிரண்டு சாணில்
ஒரு சைப்ரஸ் பலகை வேண்டும்.
ஒன்பது கையெழுத்து.

அட்டையை உடன் வைக்க
ஒன்பது பேருக்கும் தோன்றவில்லை.
எனக்குத் தோன்றியது.
வாயைத் திறக்காமல் உறையை ஒட்டினேன்.

வெள்ளிக்கிழமை பலகை வந்தது,
ஒரு முனை அடுப்பருகே,
மறுமுனை வாசலுக்கு வெளியே மழையில்.
பெலார்மினோ தொப்பியைக் கழற்றி
"பன்னிரண்டு. நானே அளந்தேன்" என்றார்,
துடுப்பு போன்ற கையை விரித்துக் காட்டி.
பிள்ளைகள் வரிசையில் வந்து
அந்த உள்ளங்கையில்
தங்கள் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்கள்.
யாரும் சிரிக்கவில்லை.
அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள்.
அவர்தான் கடைசியில் நிறுத்தினார்.

அறுத்துத் தருகிறேன் என்றார். கூடாதாம்.
இரண்டு மரக்கட்டைகளின் மேல் ஏற்றி
பெஞ்சாக்கிவிட்டார்கள்.
எட்டுப் பேர் உட்காரலாம்.
ஒன்பதாவது ஆள் தினம் ஒருவர் மடியில்,
அதற்கு ஒரு பட்டியல், பட்டியலுக்கு ஒரு சண்டை.
கிழங்கு டின்கள்
இன்னும் தரையில்தான்.

திங்கட்கிழமை பெட்டியைத் திறந்தேன்.
முப்பது சென்டிமீட்டர், மஞ்சள் மரம்.
ரொசாமேல் முதலில் இரண்டை எடுத்து
ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்தான்.
அப்புறம் மூன்றாவதை.
அப்புறம் பெட்டி முழுவதையும்.
"எல்லாம் ஒரே நீளம்" என்றான்,
யாரோ ரகசியமாய்ப் பேசிவைத்துச்
செய்த காரியம் போல.

ஆனாலும் அட்டைக் கை சுவரில் இருந்தது.
கதவு, பூனை, என் நிழல், கஞ்சிப் பானை
எல்லாம் மில்யாராய்க் கணக்கில்தான்.
பெற்றோர் கூட்டத்தில் அவள் அம்மா கேட்டாள்:
"மீன் விற்கப் போனால் ஒரு பையன் வந்து
என் மகள் கையை வைத்து
மீனை அளக்கிறான். என்ன பாடம் இது?"
எனக்கு வெட்கம். கொஞ்சம் கர்வமும்.

நவம்பரில் ஒரு நாள், மழையில்லாத நாள்,
மில்யாராய் சுவரருகே நின்று
அட்டையின் மேல் கையை வைத்தாள்.
சுண்டுவிரல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.
எடுத்தாள், துடைத்தாள், மறுபடி வைத்தாள்.

"டீச்சர்,
அளவு சுருங்கிப்போச்சு."

தொமித்திலா பெஞ்சிலிருந்து குதித்து ஓடினாள்,
ஜன்னலோர மேசையை
முதலிலிருந்து அளக்க.