ஒட்டுப்பல்

யேனாஞ்சாவுங்கில் இறங்கினால்
முதலில் மூக்கு விழித்துக்கொள்ளும்.
நாற்றத்தண்ணி ஓடை என்றே பேர் வைத்த ஊர்.
எண்ணெய் கசியும் கரை, கைக்கிணறுகள், மூங்கில் முக்காலிகள்,
மழை அறுத்த செம்மண் வாய்க்கால்தோறும்
எதையோ மென்ற வாய்களின் மிச்சம்.

கோ தேன் ஜோ பால்மாவு டின்னைத் திறந்தான்.
உமிக்குள் கைவிட்டு எடுத்து
தேநீர்க்கடை மேசையில் வைத்தான்,
என் கோப்பைக்கும் சமோசாத் தட்டுக்கும் நடுவில்.
ஸ்டெகடான் கடைவாய்ப்பல்.
ஒரு செங்கல் நீளம், குறுக்கே ஏழு வரப்பு.
"நாலு லட்சம் சாட். அமாவுக்கு மூன்றரை."

தானம் வந்த மாட்டைத்தான்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
இது விலைக்கு வந்தது. மாடும் இல்லை.
பிடித்துப் பார்த்தேன்.

கன்னத்தில் வைத்தேன். மேல்பாதி குளிர்ந்தே கிடந்தது.
நாக்கு நுனியை வேரில் வைத்தேன்
(பக்கத்து மேசைக்காரர் கோப்பையைத் தூக்கியபடி பார்த்தார்).
பழைய எலும்பு நாக்கைக் கவ்வும்.
இது கவ்வவில்லை.
முற்றிக் கல்லானதும் சில சமயம் கவ்வாதுதான்,
அதனால் ஒன்றும் சொல்லவில்லை.

லென்ஸை எடுத்தேன்.
இந்த மிருகத்துக்குப் பல்
முன்னாலிருந்து பின்னால் தேயும்.
முதல் வரப்பு மழுங்கிப் பளபளக்க
கடைசி வரப்பு புல்லையே பார்க்காததுபோல் நிற்கும்.
இங்கே ஒன்று தேய்ந்திருந்தது, மூன்று தேய்ந்திருந்தது.
இரண்டு புத்தம்புதுசு.
எந்தப் பசி
நடுவில் ஒரு வரப்பைத் தாண்டிக் குதித்து மெல்லும்?

நகப்பூச்சு அழிக்கிற அசிட்டோனைப் பஞ்சில் தொட்டு
ஒட்டியிருந்த மணலைத் துடைத்தேன்.
மணல் பஞ்சோடு வந்தது.
தேன் ஜோ ரோட்டைப் பார்த்தான்.
சால்வைக்குள் பல்லோடு தலையை நுழைத்து
நோட்டுப் பார்க்கும் நீல டார்ச்சை அடித்தேன்.
பல் பல்லிளித்தது:
இரண்டாம் வரப்பின் இருபுறமும், வேர் முழுக்க,
வெளிறிய நீலம்.

நான் யாங்கோனில் பல்செட் செய்கிறவள்.
இருபத்திரண்டு வருஷமாய் இந்தப் பொடியைத்தான் குழைக்கிறேன்.
கடை அடுப்பில் ஊசியைச் சுடவைத்து
மறைவாய் ஒரு இடத்தில் தொட்டதும்
எங்கள் பட்டறையின் மத்தியான வாசனை எழுந்தது.

அவ்வளவுதான் என்றால் எழுந்து போயிருப்பேன்.
வேரின் மடிப்பில் பொடிப்பொடியாய் ராவின கோடுகள்,
எல்லாம் வலமிருந்து இடம் சாய்ந்து,
முடிகிற இடத்தில் கொக்கிபோல் ஒரு தூக்கல்.
இடது கை.
ராயப்பன் கை.

ஒன்பது வருஷம் பக்கத்து ஸ்டூலில் இருந்தவன்.
சம்பளம் நின்ற மாதம்
வடக்கே போகிறேன் என்று அரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனான்.
என் மேல்வரிசையில் இடப்பக்கம் இரண்டாவது பல்
அவன் செய்தது.
அதில் ஒரு வெற்றிலைக்கறைகூட வரைந்து தந்தான்:
"ரொம்ப வெள்ளையா இருந்தா பொய்யின்னு தெரிஞ்சிரும்."

"இது யாரிடம் வாங்கினாய்?"
"ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஒரு கலா..."
என்று தொடங்கி, என் முகம் பார்த்து,
"இந்தியக்காரர்" என்று முடித்தான்.
"எப்படி இருக்கிறார்?"
"இருமல்."

சிரித்து வைத்தேன்.
அந்தப் பல்லும் தெரிந்திருக்கும்.
அதை அவன் சந்தேகப்படவில்லை.

ஒன்றரைக்குப் பேசி, இரண்டாய்க் கொடுத்தேன்.
அதிகம் கொடுத்த ஐம்பதாயிரம் யாருக்கு என்று சொன்னேன்.
கொடுப்பானோ என்னவோ.

ராத்திரி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
அலமாரிச் சீட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்:

வரப்புகள், இரண்டாவது தவிர: ஸ்டெகடான்.
இரண்டாவது: ஸ்டெகடான், வேறொன்று, குட்டி.
வேர்: ராயப்பன், இடது கை.

வயது என்ற கட்டத்தில்
முதல் இரண்டுக்கும் கேள்விக்குறி.
மூன்றாவதற்கு ஐம்பத்தொன்று,
இருந்தால்.