முந்நூற்று மூன்று மூடை

இருபது தொன் தூக்குமாம்.
மொழிபெயர்க்க வந்த ஆமிக்காரர் சொல்லி முடிக்கவில்லை,
என் தலை வகுத்துவிட்டது.
மூடை அறுபத்தாறு கிலோ.
முந்நூற்று மூன்று மூடை, மிச்சம் இரண்டு கிலோ.
வாய்விட்டே சொல்லிவிட்டேன் போல, எல்லோரும் பார்த்தார்கள்.
பதினோராம் வருசமாய் நெல் நிறுக்கிறவளுக்கு
வானத்தால் வருவதும் ஒரு பாரம்தான்.

முத்தையன்கட்டு உடைத்து நாலாம் நாள்.
பாலம் போய்விட்டது.
றோட்டு எதுவென்று மின்கம்பங்களை வைத்துத்தான் சொல்லலாம்.
மேட்டில் மிஞ்சியது சங்கத்துக் களஞ்சியம்,
அதற்குள் நாங்கள், நனைந்த நெல்லின் புளிச்சல் மணம்.

முதலில் வந்தது சத்தம்.
யாரிடமும் வயது கேட்கத் தேவையில்லை:
வெளியே ஓடி அண்ணாந்து பார்த்தவர்கள் பதினைந்துக்குக் கீழே.
மற்றவர்கள் சுவரோடு.
நான் சாக்குகளுக்குப் பின்னால் குந்தியிருந்தேன்,
எப்போது குந்தினேன் என்று தெரியாமல்.

எட்டு இறகு.
ஒவ்வொன்றும் களஞ்சியத்தின் அகலத்தைவிட நீளம்.
வயிற்றுக்குள் எங்கள் லொறியை நெல்லோடு விடலாம்,
பின்னால் ஒரு உழவு மெசினும் நிற்கும்.
விடியப்புறம் அதன் கொக்கியில்
கோர்வை மீனாய்த் தொங்கி வந்தது ஒரு புல்டோசர்.
உடைந்த அணையில் அதை இறக்கும் வரை
ஆகாயத்தில் அப்படியே நின்றது, ஆணி அடித்தாற்போல.
நின்ற இடத்தில் நிற்கத்தான் கூடக் குடிக்குமாம்,
மணித்தியாலத்துக்கு மூவாயிரம் லீற்றர்.
எங்கள் பக்கத்து மெசின் எல்லாம் சேர்ந்து
ஒரு கிழமை உழுகிற எண்ணெய்.
இங்கே இறங்கியபோது வீட்டுத்திட்டத் தகரம் நாலு
கடுதாசியாய் எழும்பிப் போய்த் தென்னைகளில் செருகின.
தூக்கத் தெரிந்ததுக்குப் பிய்க்கவும் தெரியும்.

வெயில் ஏறினால் காற்று மெலியும்,
காற்று மெலிந்தால் தூக்கு குறையும்.
பத்து மணிக்குள் ஏற வேண்டும்,
அதற்கு முன் ஆளாளாய் நிறை எழுத வேண்டும்.
பொதிக்குப் பொறுப்பான வெளிநாட்டுக்காரன்
சுற்றிப் பார்த்து என் தராசைக் காட்டினான்.

நெல்லுத் தராசில் ஊரை ஏற்றினேன்.
யசோதினி, எட்டு மாதம், ஐம்பத்தொன்பது.
'ரெண்டு பேரெண்டு எழுது' என்றாள்.
குணபாலனின் பொடியன் முப்பத்தாறு;
சேட்டுக்குள் ஆட்டுக்குட்டி கத்தியது.
முப்பத்திரண்டு, நாலு என்று பிரித்தேன்.
இதயச்சீலன் தராசடியில் நின்று கேட்டார்:
'கால் கழட்டியோ, கழட்டாமலோ?'
ஆமிக்காரர் அதை மொழிபெயர்க்கவில்லை.
கழற்றித் தனியே வைத்தார். ஒன்றே முக்கால்.
'உன்ரை மிச்ச ரெண்டு கிலோவுக்குள்ளை போடு,
அப்பவும் கால் மிஞ்சும்.'
அவரேதான் முதலில் சிரித்தார்.

கடைசியாய் நான் ஏறினேன். வாசிக்க ஆளில்லை.
குனிந்து பார்த்தால் முள் ஆடும்;
நாற்பத்தேழு என்று குத்துமதிப்பாய்ப் போட்டேன்.

எழுபத்தொரு பேர். மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
ஐம்பத்திரண்டு மூடைக்கு இருபது கிலோ குறைவு,
முழு ஊரும்.
வெளிநாட்டுக்காரன் தாளை இரண்டு தரம் பார்த்தான்.
பதினாறரைத் தொன்னுக்கு மேலே வெறுமை கிடக்கிறதாம்.
'வேற ஆக்கள் இருக்கா?'

எண்ணத் தொடங்கினேன்.
மாத்தளன் பக்கம் போனதும் நிறுத்திக்கொண்டேன்.
'இல்லை' என்றேன்.
அதை மட்டும் உடனே மொழிபெயர்த்தார்.

சரிவில் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன்.
தராசில் ஒருவருமில்லை.
இறகின் காற்றுக்கு
முள் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.