வண்டி எண், வந்த நேரம், போன நேரம்

மூன்று கட்டம், நீலக் கோடு.
கோத்தகிரியில் ஒரு பள்ளி வாசலில்
எட்டு வருடமாக நான் எழுதிவரும் காவியம் இது.

போன ஜூலையில் ஒரு திங்கட்கிழமை
தொண்ணூற்று நான்கு வண்டிகள்.
இறங்கிய பிள்ளைகள் தொண்ணூற்று ஏழு.
கூட்டிப் பார்த்தவன் நான் மட்டும்தான்.

ஏற்றத்தில் நிறுத்துகிறவர்கள் எஞ்சினை அணைப்பதில்லை.
உள்ளே ஹீட்டர் ஓடும்.
பனி என்று நினைத்து மூச்சை இழுத்தால்
தொண்டையில் டீசல்.
ராத்திரி மூக்கைச் சிந்தினால் கறுப்பு.

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை.
நாலாம் நாள் விடியுமுன்
கட்டபெட்டுப் பக்கம் பாதி ரோடு
தேயிலைச் செடிகளோடு பள்ளத்துக்கு இறங்கிப் போயிற்று.
மிச்சப் பாதியில்
பால் வண்டி, ஆம்புலன்ஸ், மினி பஸ்.
காருக்கு அனுமதி இல்லை.

பள்ளிக்கு இருந்தது இரண்டு மினி பஸ், இரண்டு நடை.
எஸ்டேட் மேனேஜர் மகள் மடியில்
கொழுந்து பறிக்கிற நாகேஸ்வரி மகனின் பை.
பெள்ளிராஜ் ஓட்டினான்.
முதல் வாரம் வளைவுக்கு ஒரு வாந்தி;
வாளி, மரத்தூள், ஆரஞ்சுத் தோல்.
அடுத்த வாரம் வாந்தி நின்று சண்டை தொடங்கியது,
ஜன்னல் சீட்டுக்கு.

அப்போதுதான் ஒருநாள்
ஓடைப் பக்கம் யாரோ விசிலடித்தார்கள்.
எந்தப் பயல் என்று தடியோடு போனேன்.
சீகாரப் பூங்குருவி.
ஈரக் கல்லில் நின்றுகொண்டு
ஒரு வேலையும் இல்லாதவன் மாதிரி, இழுத்து இழுத்து.
எட்டு வருடமும் அங்கேயேதான் இருந்ததோ என்னவோ.

தையில் ரோடு சரியாயிற்று.
கார்கள் திரும்பின, முப்பத்தொன்று மட்டும்.
மற்ற வீடுகளில்
பஸ்ஸில்தான் போவேன் என்று ஒரே அழுகையாம்.
மலைக்காக இல்லை, ஜன்னல் சீட்டுக்காக.
இருக்கட்டும். மலை காரணம் கேட்பதில்லை.

பஸ்ஸும் புகை விடும், தெரியும்.
கடைசி வளைவில் அது இருமுவது எனக்கு இங்கே கேட்கும்.
ஆனால் இருபத்தெட்டுப் பேருக்கும் சேர்த்து
ஒரே இருமல்.

பங்குனி வந்தும் நோட்டு பாதி வெள்ளை.
வேலை பார்க்கிறாயா தூங்குகிறாயா என்றார் மேலாளர்.
இன்று காலை எழுதி வைத்தேன்:

வண்டி எண்: இல்லை.
வந்த நேரம்: எட்டே முக்கால்.
போன நேரம்: இன்னும் போகவில்லை.