ரகர ஒற்று

முதல் நாள் இரவே தொலைபேசி வந்தது.
சங்கத்துச் செயலாளர் துரைரத்தினம்.
"காதும் காதும் வைச்ச மாதிரி முடிப்பம் தம்பி.
தேருக்கு இன்னும் ஆறு கிழமைதான் கிடக்கு.
சுவிஸ்காரன்ர பேப்பரில எங்கட பேர் நாறக்கூடாது.
நீரும் எங்கட ஆள்தானே."

ஆள்தான்.
என் மகளின் சாமத்தியச் சடங்குக்கு
முந்நூறு கதிரை இரவல் தந்தவர்கள்.
அப்பா செத்த கிழமை என் வீட்டில் அடுப்பெரியாமல்
அடுக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்தவர்கள்.

புர்க்டோர்ஃப் மருத்துவமனை, மூன்றாம் மாடி.
பவளராணியின் இடது மணிக்கட்டில் மாக்கட்டு.
பொலிஸ்காரி ஏபர்சோல்ட்
பேனா மூடியைக் கழற்றிவிட்டு
என்னைப் பார்த்தாள், அவளை அல்ல.

பவளராணி நிறையச் சொன்னாள்.
தைமாதம் முதற்கொண்டு சொன்னாள்.
"உடுப்புத் தோய்க்கிற அறைக்குப் போற படியில
அவர் தள்ளினவர்" என்று முடித்தாள்.

தள்ளினவர்.
தள்ளினவன் அல்ல.
எலும்பு முறிந்த பிறகும்
அந்த ரகர ஒற்றை அவள் கைவிடவில்லை.
ஜெர்மனில் அதற்கு இடம் கிடையாது, விட்டுவிட்டேன்.
பிறகு, கை பழகிவிட்டதுபோல,
மற்றதையும்.

"படியில் சறுக்கி விழுந்துவிட்டாள்."
எங்கள் மொழியைப் போலத்தான்,
அந்த வாக்கியத்திலும் வினை கடைசியில் வரும்.
அதுவரை எனக்கு அவகாசம் இருந்தது.

"மூன்று நிமிடம் பேசினாளே, ஒரு வரிதானா?"
"தமிழ் கொஞ்சம் நீளமான மொழி" என்றேன்.
ஏபர்சோல்ட் சிரித்தாள்.
நான் சிரித்தேன்.
எல்லாம் சரியாக நடக்கிறதென்று நினைத்து
பவளராணியும் சிரித்தாள்.

படிவத்தில் ஒரு மணித்தியாலம், எழுபது பிராங்,
ரயில் காசு தனி.

தேர் இழுத்தோம்.
வடத்தில் எனக்கு முன்னால் பிடித்தவன் அவள் புருசன்.
வியர்த்த முதுகு. நல்ல இழுவைக்காரன்.
கார்த்திகையில் அவளுக்கு விலா எலும்பு.
அந்த முறை என்னைக் கூப்பிடவில்லை,
சூரிச்சிலிருந்து யாரோ ஒரு பெண் வந்தாளாம்.

இரண்டு வருடம் கழித்து
எம்மே ஆற்றங்கரைக் கடையில்
காசுப்பெட்டிக்குப் பின்னால் அவள்.
மணிக்கட்டு கொஞ்சம் கோணல்.
என் வெண்டிக்காய், பால், பாண்
ஒவ்வொன்றாய் நகர்த்திவிட்டு,
பற்றுச்சீட்டு வேண்டுமா என்று
பேர்ண் பேச்சில் கேட்டாள்.

"வேண்டாம் தங்கச்சி" என்றேன், தமிழில்.

அவள் கொஞ்சம் முன்னால் சாய்ந்து,
பாஷை தெரியாத ஒருவரிடம் கேட்பதுபோல,
ஒவ்வொரு சொல்லாக,
மெதுவாக,
திரும்பவும் ஜெர்மனிலேயே கேட்டாள்.